புதையல்காரர்

புதையல்காரர் இல்லாத வட்டாரம் கிடையாது. கோட்டையோ குன்றோ இடிந்த கோயிலோ இருக்கும் ஊரென்றால் இரண்டு பேர் இருப்பார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வெளியே சொல்லிக்கொள்ள வேறு தொழில் உண்டு: மாட்டுத் தரகு, மனை வியாபாரம், சில சமயம் அரசு உத்தியோகம். கடனும் உண்டு. தேடலால் கடன் வந்ததா, கடனால் தேடல் வந்ததா என்பதில் அவருக்கும் வீட்டம்மாவுக்கும் நெடுநாள் வழக்கு.

வரலாற்றில் அவருக்குத் தெரியாதது குறைவு. ஆனால் அவருக்கு வேண்டியது ஒரே கேள்விக்கான விடைதான்: யார், எப்போது, எந்த வழியாக அவசரமாக ஓடினார்கள்? செஞ்சிப் பக்கம் தேசிங்கு ராஜா. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் திப்பு சுல்தான். திப்பு 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையிலேயே போரிட்டு மாண்டார். அவருடைய கருவூலத்தை வென்ற படை அங்கேயே பங்கு போட்டுக்கொண்டது. இதைச் சொன்னால் புதையல்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது கணக்குல காட்டுனது சார்” என்பார்.

அவருக்கு மிகவும் பிடித்த சான்று கல்வெட்டு. எழுத்தின் மேல் கோலமாவைத் தேய்த்து, செல்போனில் படமெடுத்து, கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒரு தமிழாசிரியரிடம் கொண்டுபோவார். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பங்கு நிலக்கொடை, வரிநீக்கம், விளக்குத் தானம். கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 90 ஆடு அல்லது 96 ஆடு விடுவார்கள். அவற்றின் பாலிலிருந்து நெய் வர வேண்டும். சாகிற ஆட்டுக்குக் குட்டி ஈடாகிவிடுவதால் மந்தை குறைவதில்லை என்பது கணக்கு. அதனால் கல்வெட்டு அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கிறது. ஆசிரியர் இவ்வளவையும் விளக்கி முடித்ததும் புதையல்காரரின் முகம் மலரும். “சாகாத, கிழடாகாத ஆடு உலகத்துல ஏது சார்? தங்கத்துல செஞ்சிருந்தாத்தான் உண்டு.” தொண்ணூறு தங்க ஆடுகள் எந்தத் திசையில் புதைந்திருக்கின்றன என்பது மட்டுமே பாக்கி. அதற்கு நந்தி இருக்கிறது. நந்தி எதைப் பார்க்கிறதோ அங்கே புதையல் என்பது விதி. அநேகமாக எல்லா நந்தியும் சிவலிங்கத்தைத்தான் பார்க்கிறது என்பது அவருக்கு மறுப்பாகத் தோன்றுவதில்லை.

இடம் குறித்தபின் நிபுணர்கள் வருவார்கள். மை போட்டுப் பார்ப்பவர் வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்த்து, பூமிக்குள் செப்புக் குடத்தையும் அதைச் சுற்றிய பாம்பையும் காண்பார். பாம்பைப் போக்கத் தனிக் கட்டணம். இளைய தலைமுறைக்கு மையில் நம்பிக்கை இல்லை. அவர்கள் மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு எடுக்கிறார்கள். சாதாரணக் கருவி ஒரு தனிக் காசை ஒரு முழ ஆழத்தில் கண்டுபிடித்தாலே பெரிய காரியம். வாடகைக்காரர் அறுபதடி என்பார். கருவி கத்தும் இடத்தில் தோண்டினால் மாட்டு லாடம், சோடா மூடி, எப்போதோ உடைந்த கொழுமுனை.

தோண்டுவது அமாவாசை இரவில். பலி சேவலோடு முடிந்தால் ஊருக்கு நல்லது. முடியாமல், தலைச்சன் பிள்ளை வேண்டும் என்று பேச்சு போன வழக்குகளும் காவல் நிலையப் பதிவேட்டில் உண்டு. அங்கே சிரிப்பதற்கு எதுவும் இல்லை. மற்றபடி குழியில் கிடைப்பது கரியும் பானையோடும். பழைய குடியிருப்பு மண்ணில் இவை கிடைப்பது இயல்பு. புதையல்காரர் கணக்கில், தங்கம் பிராப்தம் இல்லாதவர் கண்ணுக்குக் கரியாகிவிட்டது. கரிகூடக் கிடைக்காவிட்டால் புதையல் நகர்ந்துவிட்டது. இந்தச் சாத்திரத்தில் தோல்விக்கு இடமே கிடையாது.

இழப்பு வேறொருவருக்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைகளில் நிற்கும் கற்திட்டைகள் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். அப்படிப்பட்டவற்றில் இருப்பது பெரும்பாலும் கறுப்பு சிவப்புப் பானை, இரும்புக் கருவி, எலும்பு, சில மணிகள். பலகைக் கல்லைப் புரட்டிப் பானையை உடைத்து வெறுங்கையோடு திரும்புகிறவர், அகழாய்வாளர் படித்திருக்கக்கூடிய ஒரே பக்கத்தைக் கிழித்துவிட்டுப் போகிறார். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தது உண்மை. புதையல்காரருக்கு அந்த ஒரு வரி மட்டும் மனப்பாடம்.

தோண்டிக் களைத்தவர் அடுத்துப் போய் விழுவது ரைஸ் புல்லரில். இடி விழுந்த கோபுரக் கலசம் இரிடியமாக மாறி அரிசியை இழுக்கும், வெளிநாட்டு விஞ்ஞானிகள் கோடிக்கணக்கில் வாங்குவார்கள் என்பது கதை. கலசம் பெரும்பாலும் செம்பு; இடி விழுந்தாலும் செம்பு செம்புதான். இரிடியம் அரிசியை இழுக்காது. அரிசி நகர்ந்தால் அதில் இரும்புத்தூள் இருக்கிறது, எங்கோ காந்தமும் இருக்கிறது. புதையலைக் காக்கும் பூதத்தையே ஏமாற்றக் கிளம்பியவர் முன்பணம் கொடுத்துவிட்டு விடுதி வாசலில் நிற்பார்.

புதையல்காரர் இருக்கும் இடத்தில் சந்தேகப் பேர்வழியும் இருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார். எந்தக் குழியையும் நம்பமாட்டார், எந்தக் குழியையும் பார்க்காமல் விடமாட்டார். அவர் கைவசம் எப்போதும் உன்னாவ் மாவட்டத்துத் தௌண்டியா கேரா இருக்கும். 1857 கிளர்ச்சியில் சேர்ந்து தூக்கிலிடப்பட்ட ராஜா ராவ் ராம் பக்ஷ் சிங்கின் 1000 டன் தங்கம் அங்கே இருப்பதாக ஒரு சாமியார் கனவு கண்டார். 2013 அக்டோபரில் இந்தியத் தொல்லியல் துறையே தோண்டியது. அப்போது ரிசர்வ் வங்கியின் கையிருப்பே ஏறக்குறைய 557 டன். வந்தது பானையோடும் வளையல் துண்டும் ஆணியும். புதையல்காரர் அசரமாட்டார். “கவர்மெண்டு தோண்டினா எப்படி வரும்?” என்று கேட்டு, திருவானைக்காவலை எடுத்து வைப்பார். 2020 பிப்ரவரியில் ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்தபோது ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன, எடை 1.716 கிலோ. அவர்கள் புதையல் தேடவில்லை என்று வாத்தியார் சுட்டிக்காட்டுவார். அதற்குள் புதையல்காரர் அடுத்த அமாவாசைக்குப் போயிருப்பார்.

இதில் ஒரு வினோதம்: அடுத்தவர் புதையல் என்று வந்துவிட்டால் புதையல்காரரைவிடக் கறாரான சந்தேகக்காரர் கிடையாது. பக்கத்து ஊர்க்காரரின் மை பொய், கருவி சீன மால், கனவு அஜீரணம். வாத்தியார் இவ்வளவு தூரம் போகமாட்டார்.

கூட்டாளிகள் முத்திரைத்தாளில் பங்கு எழுதிக்கொள்வது வழக்கம்: மைக்காரர், கருவிக்காரர், சாமி, நிலத்துக்காரர். நிலத்துக்காரர் பெரும்பாலும் கடைசி. சட்டம் அவரை அப்படி நடத்தவில்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே எடுத்துக்கொள்வதானால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். டீக்கடையில் இதை விளக்குவது எப்போதும் வாத்தியார்தான். கால் பங்கு என்ற இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்துவார். பிறகு, கொல்லைப் புளியமரத்தடியில் மாடு கட்டினால் சில நாளாக மிரளுகிறது என்றும், அந்த இடத்துக்குப் பட்டா தன் பெயரில்தான் இருக்கிறது என்றும், சும்மா தகவலுக்காகச் சொல்லிவைப்பார்.