கட்-ஆஃப் மாமா

பரீட்சை எழுதிவிட்டு வரும் பிள்ளையை "எப்படி எழுதினே?" என்று விசாரிப்பது சாதாரண மனிதர்கள். எங்கள் தெரு கட்-ஆஃப் மாமா, "அடிஷனல் ஷீட் எத்தனை வாங்கினே?" என்றுதான் ஆரம்பிப்பார்.

பிளஸ் டூ கணக்குப் பரீட்சையன்று மதியம் இஸ்திரி வண்டி நிழலில் நின்றுவிடுவார். வருகிற பையனிடம் கேள்வித்தாளைப் பிடுங்கி, "ஒரு மார்க் இருபதும் போட்டியா? ஆப்ஷன் எழுத்தோட விடையையும் சேர்த்து எழுதினியா?" என்பார். அதுவரை நூற்றுக்கு நூறு என்று நம்பி வந்தவனுக்கு அப்போதுதான் முகம் வெளுக்கும்.

இன்ஜினியரிங் கட்-ஆஃப்புக்குக் கணக்கு முழுசாக நூறு, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி, மொத்தம் 200. இயற்பியலில் 87 என்றால் 43.5 என்று கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிடுவார். தன் பென்ஷன் கணக்குக்கு மட்டும் மருமகன் வரவேண்டும். நுழைவுத் தேர்வு ரத்தான 2007-லிருந்து தெருப் பிள்ளைகளின் கட்-ஆஃப் எல்லாம் அவர் டைரியில் இருக்கிறது. கேள்வித்தாள் ப்ளூபிரிண்ட்டை அரசு கைவிட்டபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமி சொல்லிக் கேள்வி.

கணிப்பதோடு விட்டாலும் பரவாயில்லை, உயர்த்தவும் செய்வார். "புக் பேக்கை மூணு தடவை போடு. விடை தெரியலைன்னா ஃபார்முலாவை எழுதிக் கட்டம் கட்டு. திருத்தறவரும் மனுஷன்தானே!"

இஸ்திரிக்காரர் மகளுக்கு 168 என்று குறித்துவைத்திருந்தார். அவள் வாங்கியது 187. மாமா அசரவில்லை. "நான் சொன்ன 168 அவளோட சொந்த மார்க். மேலே இருக்கிற 19, கட்டம் கட்டச் சொன்னேனே, அது!" இஸ்திரிக்காரர் பாவம், அன்று மாமாவின் வேட்டிக்குக் காசு வாங்கவில்லை. 195 என்று மாமா குறித்திருக்க, 171 வாங்கியவனை விடைத்தாள் நகல் வாங்கச் சொன்னார், மறுமதிப்பீடு போடச் சொன்னார். ஒரு மார்க்கும் ஏறவில்லை. "கையெழுத்து அப்படி," என்று முடித்துவிட்டார். மாமாவின் கணக்கு இதுவரை தப்பியதே இல்லை.

இரண்டு பேருக்குக் கட்-ஆஃப் சமமாக வந்தால் முதலில் கணக்கு மார்க், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய்ப் பிறந்த தேதிக்கு வருவார்கள்; மூத்தவருக்கே முன்னுரிமை. அதுவும் சமமென்றால்தான் ரேண்டம் எண். இதைப் படித்த நாளிலிருந்து மாமா பெற்றோரையும் விடுவதில்லை. "ஒரு வாரம் முன்னாடி பெத்திருக்கக் கூடாதாம்மா?" என்று ஒரு தாயாரிடம் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

போன வாரம் எதிர்வீட்டில் வளைகாப்பு. எல்லோரும் புளியோதரையில் இருக்க, மாமா மட்டும் மாப்பிள்ளையை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"டாக்டர் எந்தத் தேதி சொல்லியிருக்கார்?"

"ஜூன் கடைசி, மாமா."

மாமா விரல்விட்டு எண்ணினார்.

"2043 பேட்ச். ஜூன் முதல் வாரம்னா இன்னும் சௌகரியம். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."