கடற்கரையில் சமநிலை காப்பது எப்படி?

வாழ்த்துகள். தாது மணல் எடுக்கும் திட்டம் ஒன்று உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. சுரங்கமும் ஓட வேண்டும், சூழலும் கெடக் கூடாது என்று மேலிடம் சொல்லியிருக்கும். பதறாதீர்கள். இதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். வரிசைப்படுத்தித் தருவது மட்டுமே என் வேலை.

1. முதலில் பெயர் வையுங்கள். ‘மணல் அள்ளுவது’ என்று எழுதாதீர்கள், அது லாரிக்காரர் பேச்சு. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் என்று அடுக்கிக்கொண்டே போய் மோனசைட்டில் நிறுத்துங்கள். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம் என்றால் அணு. அணு என்றால் நாடு. நாடு என்று வந்துவிட்ட பிறகு, நெத்திலி காயப்போட இடம் எங்கே என்று எவராவது வாய் திறப்பாரா?

2. சட்டத்தை விதிவிலக்கிலிருந்து படியுங்கள். கரையில் மணலும் பாறையும் எடுக்கக் கூடாது என்றது 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. வேறெங்கும் கிடைக்காத அரிய கனிமங்களுக்கு விலக்கு. மணவாளக்குறிச்சிக் கரையில் அலை பின்வாங்கும்போது ஈர மணலில் கறுப்புக் கோடு விழுமே, அந்தக் கோடுதான் உங்கள் விலக்கு. நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை முழுதும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழில் சுருக்கம் போதும், விதியே அவ்வளவுதான் கேட்கிறது. மணல்மேட்டைப் பிடித்து நிறுத்தும் அடம்பங்கொடியையும் இராவணன் மீசையையும் ‘புதர்’ என்று ஒரே சொல்லில் முடியுங்கள்.

4. இனி கருத்துக் கேட்பு. திட்ட இடத்திலோ அதன் பக்கத்திலோ நடத்த வேண்டும் என்பது விதி. ‘பக்கம்’ என்பது மனசைப் பொறுத்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் கீழ்மிடாலம் முதல் கொல்லங்கோடு வரை 1,144 ஹெக்டேரில் மத்திய அரசு நிறுவனம் ஒன்று மணல் எடுக்கத் திட்டமிட்டது. அதற்கான கூட்டம் 2024 அக்டோபர் 1 அன்று, அலைச் சத்தம் எட்டாத பத்மநாபபுரத்தில் என்று குறிக்கப்பட்டது. கடலோர ஊர்கள் கொதித்தெழ, கூட்டம் தள்ளிப்போனது. மனம் தளர வேண்டாம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கணக்கே கிடையாது. காலி நாற்காலிகளிடமும் கருத்துக் கேட்கலாம். அவை எதிர்த்ததாக வரலாறு இல்லை.

5. ஆள் வந்துவிட்டால், ஒரு பாட்டி கட்டாயம் எழுந்திருப்பார். கையில் மைக் கொடுக்காமலே பேசுவார். “குழிய மூடுவீங்க, செரி. மூடுறதுக்கு முன்ன கடலு ஏறி வந்தா யாரு சாரே மூடுவா?” இதற்குப் பதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தேநீரும் பிஸ்கட்டும் கொடுங்கள். குறிப்பேட்டில் ‘வேலைவாய்ப்பு குறித்து வினவினார்’ என்று எழுதுங்கள். யாராவது புற்றுநோய் என்று ஆரம்பித்தால், கதிர்வீச்சு இந்த மணலிலேயே இயற்கையாக இருப்பது, அதை அள்ளிப் போவதே ஊருக்கு வைத்தியம் என்று சொல்லுங்கள். வைத்தியருக்குக் கூலி டன் கணக்கில் என்பதைச் சொல்ல வேண்டாம்.

6. கரை தேய ஆரம்பித்ததும் கல் கொட்டச் சொல்லுங்கள். தூண்டில் வளைவு என்ற அழகான பெயர் தயாராகவே இருக்கிறது. மணலை எடுக்கும் கோப்பு ஒரு துறையிலும் கல்லைப் போடும் கோப்பு வேறு துறையிலும் இருக்கட்டும். இரண்டும் ஒரே மேசையில் சந்தித்துவிடக் கூடாது. கரமடி வலை இழுக்க அகலமான கரை வேண்டுமே என்பார்கள். கல்மேல் நின்று இழுக்கச் சொல்லுங்கள்.

7. மாட்டிக்கொண்டாலும் பொறுமை. 2013 ஆகஸ்டில் தூத்துக்குடியில் தாது மணல் எடுக்கும் இடங்களில் சோதனை நடத்திய ஆட்சியருக்கு அன்றைக்கே இடமாற்ற உத்தரவு வந்தது. பிறகு குழு, தடை, அறிக்கை, இன்னொரு குழு. சிபிஐ விசாரிக்கட்டும், 5,832 கோடி ரூபாயை வசூலியுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2025 பிப்ரவரியில். நடுவில் போனது பதினோரு ஆண்டுக்கும் மேல். அத்தனை காலத்துக்குத் தாங்கும் பொறுமை ஊர்க்காரருக்கு உண்டா, உங்களுக்கு உண்டா என்பதுதான் போட்டி.

8. இந்தக் கையேட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு திருத்தம். அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் எடுக்கும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8 அன்று உத்தரவு போட்டுவிட்டது. ஆகவே 4, 5 ஆகிய படிகளைப் பேனாவால் அடித்துவிடுங்கள். தேநீர்ச் செலவும் மிச்சம்.