பட்டியலில் பெயர் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஜெராக்ஸ் கடைக்காரன் மற்றும் மனு எழுதித் தருபவன்,
காமயகவுண்டன்பட்டி,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு ஆதரவுப் பட்டியல் அதிகாரி அவர்கள்,
லேப்டாப் சிப் தயாரிக்கும் பெருநிறுவனம்.
(பெயர் போடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்; மனு தானாகப் போய்ச் சேரும்.)

பொருள்: கணக்குப் போடும் தகுதி இருந்தும் டிரைவர் மறுக்கப்பட்ட கிராபிக்ஸ் சிப்பின் பெயரை ஆதரவுப் பட்டியலில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. லேப்டாப்பின் மேல் தாங்கள் ஒட்டி அனுப்பிய பளபள ஸ்டிக்கர். 2. அந்த ஸ்டிக்கரை மறுதலிக்கும் தங்கள் பட்டியல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல், பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று ஊருக்கே மனு எழுதிப் பிழைப்பவன் நான். ஒரு சிப்புக்காக எழுதுவது இதுவே முதல் முறை. பிழையிருந்தால் பொறுத்தருளவும்.

மனுதாரர், 1.2 கிலோ எடையுள்ள லேப்டாப் ஒன்றில் குடியிருந்து வருகிறார். சொந்த மெமரி கிடையாது. 8 ஜிபியைப் பிராசஸரோடு பங்கு போட்டுக் காலம் தள்ளுகிறார். லேப்டாப்பின் உரிமையாளர் என் அண்ணன் மகள்; கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். திராட்சை இலையைப் படம் பிடித்துக் காட்டினால் என்ன நோய் என்று சொல்லும் ஒரு நிரலைப் பழக்க வேண்டும் என்பது அவளுடைய புராஜெக்ட்.

இதன் அவசியம் தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் காய் இருக்கும். ஆகவே ஏதாவது ஒரு தோட்டத்தில் நோயும் இருக்கும். இலையின் மேலே எண்ணெய்ப் புள்ளியாக மஞ்சள் தட்டி, திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தால் அது அடிச்சாம்பல். இலையின் மேற்புறத்திலேயே திருநீறு பூசினாற்போல் இருந்தால் அது சாம்பல் நோய். இரண்டுக்கும் மருந்து வேறு. மாற்றி அடித்தால் மருந்துக் காசும் போச்சு, கொத்தும் போச்சு.

இலைப் படங்களை வைத்து நிரலைப் பழக்குவது என்றால் கோடிக்கணக்கில் பெருக்கலும் கூட்டலும். பிராசஸர் தனியாக அதைப் போட்டு முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். கிராபிக்ஸ் சிப்போ நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் போடும். சிப்பை இப்படிக் கணக்குப் போட வைக்கத்தான் என்விடியா தன் சிப்புகளுக்கு 2007இல் கியூடா என்ற தளத்தை வெளியிட்டது. எந்த நிறுவனத்தின் சிப்பிலும் ஓடட்டும் என்று குரோனோஸ் குழுமம் 2008இல் ஓப்பன்சிஎல் என்ற பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. ‘எந்த நிறுவனத்தின் சிப்பிலும்’ என்பதை அப்படியே நம்பியதுதான் பிள்ளை செய்த ஒரே குற்றம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சமர்ப்பிக்கிறேன். உபுண்டு லினக்ஸ் போட்டாள். தங்கள் டிரைவர் தொகுப்பை இறக்கினாள். அது பல ஜிபி. எங்கள் செல்போன் டேட்டா நாளொன்றுக்கு 1.5 ஜிபி. இறங்கி முடிந்ததும், ‘கையொப்பமில்லாத டிரைவர்’ என்று செக்யூர் பூட் வாசலிலேயே மறித்தது. கையொப்பத்துக்கு ஏற்பாடு செய்தால், ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத்திரை ஒன்று வந்து பாஸ்வேர்டு கேட்டது. அதையும் கொடுத்து உள்ளே போனால், ‘ரெண்டர் குழுவில் உங்கள் பெயர் இல்லை’ என்றது. குழுவிலும் சேர்ந்தாயிற்று. கடைசியில் ஓப்பன்சிஎல் இருக்கிறதா என்று கேட்டால், ‘பிளாட்ஃபார்ம் எண்ணிக்கை: 0’ என்று ஒற்றை வரியில் பதில். திண்டுக்கல்–குமுளி ரயில் பாதை வேண்டுமென்று காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஜனங்கள் நாங்கள். பிளாட்ஃபார்ம் பூஜ்யம் என்ற செய்தி எங்களை அவ்வளவாக அதிரவைக்கவில்லை.

அதன் பிறகுதான் தங்கள் பட்டியலைப் பார்த்தோம். சர்வர் அறைக்குப் போகும் சிப்புகள் இருந்தன. விளையாட்டுக்கென்று விற்கும் விலையுயர்ந்த சிப்புகளும் இருந்தன. மனுதாரரின் அண்ணன்மார் அத்தனை பேரும் இருக்க, மனுதாரர் பெயரை மட்டும் காணோம். அதற்கு விவரம் தெரிந்தவர்கள் சொன்ன பரிகாரத்தைக் கேட்டு நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். டெர்மினலில் ஒரு வரி அடித்து, ‘நான் அவனில்லை, என் அண்ணன்’ என்று சிப்பைச் சொல்ல வைக்க வேண்டுமாம். எங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் இதன் பெயர் ஆள்மாறாட்டம், கேஸ் ஆகும். தங்களிடம் இதுதான் வழிமுறை!

ஆள்மாறாட்டமும் செய்து பார்த்தோம். ஐயா, ஓடியது! விசிறி இரைந்தது, இலைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. ஆக, மனுதாரருக்குத் தகுதி இல்லாமல் இல்லை. அடுத்த கெர்னல் அப்டேட் வந்தபோது திரை அப்படியே உறைந்தது. புகார் சொல்லலாம் என்றால், ‘பட்டியலில் இல்லாத சிப்புக்குப் புகார் ஏற்கப்படாது’ என்கிறீர்கள்.

எங்கள் ஊரில் காந்திக்குக் கோயில் இருக்கிறது. ஒத்துழையாமை எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் முழுக் காசையும் வாங்கிக்கொண்ட பிறகு விற்றவரே நடத்தும் ஒத்துழையாமை மகாத்மாவுக்கும் தோன்றாதது. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸுக்கு ஒத்துழைக்கவில்லை என்று என்விடியாவைத் திட்டி, கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். 2022 மே மாதம் அந்த நிறுவனம் தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. விரலுக்கே பத்து வருஷம். நாங்கள் காந்தி கோயில் ஊர்க்காரர்கள், மனுதான் கொடுப்போம். எத்தனை வருஷம் ஆகும் என்று ரசீதில் குறித்துத் தரவும்.

‘இந்த ஓட்டை லேப்டாப் எதற்கு? சர்க்கார்தான் சிப்பை வாடகைக்குத் தருகிறதே’ என்று தாங்கள் கேட்கலாம். தருகிறது. 2024இல் 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிய இந்தியா ஏஐ திட்டத்தில் 38,000க்கும் மேற்பட்ட கிராபிக்ஸ் சிப்புகள் இருக்கின்றன. மணிக்கு 65 ரூபாய் என்ற சலுகை வாடகை. நல்ல காரியம். ஆனால் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கி உட்காரும்போது அந்தப் பிள்ளைக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். தப்பாகப் போட்டு, திரும்பப் போட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு இன்னொரு தடவை போட்டுத்தான் வேலை படியும். அதற்கு மடியில் இருக்கும் சிப் ஓட வேண்டும். தமிழ்நாட்டில் 2011இலிருந்து லட்சக்கணக்கான மாணவர்களுக்கு அரசு லேப்டாப் கொடுத்திருக்கிறது. பாஸ் (BOSS) என்ற லினக்ஸும் போட்டே கொடுத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கிராபிக்ஸ் சிப் உண்டு. அத்தனையும் பாட்டு பார்க்க மட்டும்தானா?

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து:

1. மனுதாரரின் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

2. சேர்க்க மனமில்லையென்றால், ‘இந்தச் சிப் கணக்குப் போடாது’ என்று ஸ்டிக்கரிலேயே அச்சடிக்க வேண்டும். எழுத்து, விலையை அச்சடிக்கும் அதே அளவில்.

3. கடையில் விற்றுக்கொண்டிருக்கும் வரையாவது எந்தச் சிப்பையும் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது.

4. தங்களுக்கு நேரமில்லையெனில் சிப்பின் ஆவணங்களை வெளியிட்டுவிட வேண்டும். மேசா போன்ற திறந்த மூலத் திட்டங்களில் இருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். தாங்கள் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

இந்த மனு தங்கள் மேசைக்கு வருவதற்குள் மனுதாரர் ‘பழைய தலைமுறை’ என்று அறிவிக்கப்பட்டால், வாரிசுச் சான்றிதழ் கேட்டுத் தனியாக எழுதிக்கொள்கிறோம். என் கட்டணம் அதேதான்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
ஜெராக்ஸ் கடைக்காரன்.

இணைப்பு: உறைந்த திரையின் புகைப்படம் – 1, அடிச்சாம்பல் பிடித்த இலை – 1 (அசல்).

நகல்: அரசு லேப்டாப்புக்கு டெண்டர் நிபந்தனை எழுதும் அலுவலருக்கு. ‘கிராபிக்ஸ் சிப்பைக் கணக்குப் போட வைக்கும் டிரைவர் லினக்ஸில் ஓடிக் காட்டப்பட வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால் மேற்படி நிறுவனத்துக்கு இந்த மனுவே தேவைப்படாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.