சுங்கான் சுவாமிகளுக்கு வந்த சோதனை

மனித குலத்தில் பதற்றமே தெரியாத ஒரு கூட்டம் உண்டென்றால் அது பைப் பிடிக்கிறவர்கள்தான். நான் சொல்லவில்லை, அவர்களே சொல்லிக்கொள்வது. அதற்கு ஐன்ஸ்டைனே சாட்சி. 1950-இல் மாண்ட்ரியல் பைப் கிளப் ஒன்று அவருக்கு ஆயுள்கால மெம்பர்ஷிப் கொடுத்தது. பைப் பிடித்தால் மனித விவகாரங்கள் எல்லாவற்றிலும் ஓரளவு நிதானமாகவும் நடுநிலையோடும் முடிவெடுக்க முடிகிறது என்று அவர் பதில் சொன்னார். சார்பியல் கொள்கையைச் சந்தேகப்பட்ட புரொஃபசர்கள் உண்டு. இந்தக் கொள்கையை மட்டும் எந்த பைப்காரரும் இன்றுவரை சந்தேகப்பட்டதில்லை!

அந்த நிதானம் எப்படிப்பட்டது என்பதற்கு அவருடைய பைப் ஒன்றே சாட்சி. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் மியூசியம் பத்திரமாக வைத்திருக்கிறது. கிட்டத்தில் பார்த்தால், வாயில் வைக்கிற குழாயில் ஓர் ஓட்டை. கடித்துக் கடித்தே போட்ட ஓட்டை! டாக்டர் கெடுபிடி செய்ததால் பிரின்ஸ்டன் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் பிரித்து பைப்பில் போட்டுக்கொண்டார் என்றும் சொல்வார்கள். நடுநிலை என்று அவர் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது: எந்த பிராண்டு துண்டு என்று பேதம் பார்க்காமல் பொறுக்குவது.

மற்ற பைப்காரர்களுக்கு அந்த விசால மனசு கிடையாது. 2018-இல் அது உலகத்துக்கே தெரிந்துபோனது. பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்கிற ராட்சசக் கம்பெனி, டன்ஹில் பைப் புகையிலைக்கு மங்களம் பாடிவிட்டது. கோடிக்கணக்கில் சிகரெட் விற்கிறவர்களுக்கு பைப் வியாபாரம் சில்லறைக் காசு. ஆனால் நியூஸ் வெளியே வந்ததும் சுவாமிகள் தவம் கலைந்து எழுந்தார்கள் பாருங்கள்! கடைகளில் டன்ஹில் இருந்த ஷெல்ஃபைத் துடைத்து வைத்த மாதிரி காலி. மாதத்துக்கு ஒரு டப்பா பிடிக்கிறவர்கள் டஜன் கணக்கில் அள்ளினார்கள். எழுபதைத் தாண்டியவர்கள் முப்பது வருஷத்துக்கு ஸ்டாக் போட்டார்கள். நூறு வயது வரை புகைத்துக்கொண்டே இருப்போம் என்று நம்பிக்கை! புகையிலைக்கு இதைவிட நல்ல விளம்பரத்தை எந்தக் கம்பெனியும் எடுத்ததில்லை.

இவ்வளவு கண்ணீருக்குக் காரணமான டன்ஹில் யார்? பரம்பரை பரம்பரையாகப் புகையிலையில் ஊறிய மகான் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஆல்ஃபிரெட் டன்ஹில் குதிரைச் சேணம் விற்ற வீட்டுப் பிள்ளை. 1893-இல், இருபத்தோரு வயதில், லண்டன் யூஸ்டன் ரோட்டிலிருந்த அப்பாவின் கடை அவர் கைக்கு வந்தது. கொஞ்ச நாளில் தெருவுக்கு மோட்டார் கார் வந்தது. குதிரைக்கு இனி மார்க்கெட் இல்லை என்பது ஆல்ஃபிரெடுக்கு மூக்கிலேயே வியர்த்துவிட்டது. மோட்டார்காரர்களுக்குக் கோட்டு, கண்ணாடி, ஹாரன், விளக்கு என்று சகலமும் விற்க ஆரம்பித்தார். மோட்டாரைத் தவிர மற்றதெல்லாம் எங்களிடம் கிடைக்கும் என்பதுதான் கடையின் கோஷம். அந்தக் காலத்து மொபைல் ஆக்சஸரீஸ் கடை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவர் விற்றதில் எனக்கு ரொம்பப் பிடித்த சரக்கு ‘பாபி ஃபைண்டர்ஸ்’. பாபி என்றால் லண்டன் போலீஸ்காரர். ஓவர் ஸ்பீடில் போய் மாட்டிக்கொண்ட ஆல்ஃபிரெட், திருந்துவதற்குப் பதிலாக ஒரு பிசினஸ் ஐடியாவோடு திரும்பி வந்தார்: அரை மைல் தூரத்தில் நிற்கிற போலீஸ்காரரைக் காட்டிக்கொடுக்கிற தூரப்பார்வைக் கண்ணாடி. கௌரவமான பிரிட்டிஷ் கனவான்கள் இதைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

பைப்பும் இந்த வழியில்தான் வந்தது. திறந்த காரில் போகிறவர்களுக்குக் காற்றில் பைப் அணைந்துபோகிறதே என்று 1904-இல் முன்பக்கம் சின்னத் தடுப்பு வைத்த ஒரு பைப்பை உருவாக்கினார். ஆக, நூறு வருஷம் கழித்து உலகமே கட்டிப்பிடித்து அழுத புகையிலைச் சாம்ராஜ்யம், கார் உதிரிபாகமாகப் பிறந்தது!

1907-இல் லண்டனின் பணக்காரப் பேட்டையான செயின்ட் ஜேம்ஸில், டியூக் ஸ்ட்ரீட்டில், முழுசாகப் புகையிலைக்கென்றே கடை திறந்தார். அங்கேதான் மனித மனசைப் பற்றி ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தார். வருகிறவரிடம் “சார், உங்கள் டேஸ்ட் என்ன?” என்று பவ்யமாகக் கேட்பது. அவர் சொல்கிறபடி இலைகளைக் கலந்து கொடுப்பது. அந்த அளவை ஒரு பெரிய நோட்டில் பெயரோடு, நம்பரோடு எழுதி வைப்பது. நம் ஊர் காபிப்பொடிக் கடையில் பீபரி இத்தனை, பிளாண்டேஷன் இத்தனை, சிக்கரி இத்தனை என்று வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு ஓடுமே, அதே சமாசாரம்தான். ஆனால் நம் கடைக்காரர் அதற்கு மகுடம் சூட்டத் தெரியாதவர். ஆல்ஃபிரெட் ‘மை மிக்சர்’ என்று பெயர் வைத்தார். பிரபுக்கள் க்யூவில் நின்றார்கள்.

அந்த நோட்டில் இருந்த நம்பர்களில் ஒன்றுதான் 965. எந்த மகானுபாவரோ தன் நாக்குக்காகக் கலக்கச் சொன்னது, பிற்பாடு டப்பாவில் அடைத்துக் கடை கடையாகப் போனது. அப்புறம் மூன்று நான்கு தலைமுறை ஆட்கள், “இது என் மிக்சர், என் ரசனைக்கென்றே பிறந்தது” என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார்கள். எவனோ ஒருவனின் ரசனை என்பது லேபிளிலேயே எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்!

டன்ஹில் பைப்பின் குழாயில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். உலகப் புகழ்பெற்ற புள்ளி. அந்தப் புள்ளி தெரிகிற மாதிரி பைப்பைப் பிடிப்பதற்கென்றே கனவான்கள் கையை ஒரு கோணத்தில் வைத்துக்கொள்வார்கள். அந்தஸ்து! கௌரவம்! அது எதற்காக வைத்தது தெரியுமா? குழாயின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்குப் புரியவில்லை. தலைகீழாக மாட்டிக்கொள்ளாமல் இருக்க வைத்த அடையாளம்.

இந்தப் பைத்தியம் டன்ஹிலோடு தொடங்கியதும் அல்ல. ‘பீட்டர் பான்’ எழுதிய ஜே. எம். பேரி, அதற்கும் முன்னால் 1890-இல், ‘மை லேடி நிக்கோட்டின்’ என்றொரு புத்தகம் போட்டார். அதில் வருகிறவர்கள் எல்லோரும் ‘ஆர்கேடியா’ என்ற புகையிலைக்கு அடிமை. ஆர்கேடியா பிடிக்காதவன் மனுஷனே இல்லை என்கிற அளவுக்குப் பேசுவார்கள். அப்படி ஒரு பிராண்டு கடையில் கிடையாது. வாசகர்கள் விடுவார்களா? கடைசியில் அது கரேராஸ் கம்பெனியின் ‘கிரேவன் மிக்சர்’தான் என்று பேரியே ஒத்துக்கொள்ள, கம்பெனி அதை விளம்பரத்தில் போட்டுக் கல்லா கட்டியது. 1928-இல் லண்டனில் அவர்கள் திறந்த பிரம்மாண்ட ஃபேக்டரிக்கு, வாசலில் இரண்டு ராட்சசக் கறுப்புப் பூனைச் சிலைகளோடு, ஆர்கேடியா என்றே பெயர் வைத்தார்கள். இன்ஃப்ளூயன்சர் மார்க்கெட்டிங் நம் காலத்தில் பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இத்தனைக்கும் அந்தப் புத்தகம், கல்யாணத்துக்காகப் புகையை விட்டுவிட்ட ஒருவனின் கதை!

பைப் என்றாலே பாதி வேஷம்தான். பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சனுக்கு ‘இந்தப் பத்தாண்டின் பைப் மனிதர்’ என்று 1976-இல் பட்டமே கொடுத்தார்கள். டிவி பேட்டியில் சிக்கலான கேள்வி வந்தால், மனுஷர் பைப்பைத் தட்டி, அடைத்து, பற்ற வைத்து, புகையை விட்டு முடிப்பதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்துபோகும். பாட்டாளிகளின் தலைவர், எளிமையான பைப்! வீட்டுக்குள் போனதும் அவர் பிடித்தது சுருட்டு என்று கூட இருந்தவர்கள் போட்டு உடைத்துவிட்டார்கள். ஸ்டாலினோ இந்தக் கலவை ஞானத்துக்கெல்லாம் போகவே இல்லை. ‘ஹெர்ட்செகோவினா ஃப்ளோர்’ என்ற சிகரெட்டை உடைத்து, தூளை பைப்பில் கொட்டிக்கொள்வார். அவரிடம் போய் இது மரபு மீறல் என்று சொல்லவும் ஆளில்லை.

சரி, செத்துப்போன டன்ஹிலுக்கு வருவோம். செத்தது எந்த டன்ஹில் என்பதில்தான் வேடிக்கை. லண்டனில் கம்பெனியே கலந்துகொண்டிருந்த புகையிலையை 1981-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்து மர்ரேஸ் கம்பெனியிடம் விட்டார்கள். உடனே பழைய ஆட்கள், “போச்சு, லண்டன் சரக்கு மாதிரி வராது” என்றார்கள். 2005-இல் மர்ரேஸ் மூடி, வேலை டென்மார்க் போனது. “போச்சு, பெல்ஃபாஸ்ட் சரக்கு மாதிரி வராது” என்றார்கள். அதாவது, வந்த நாளில் காறித் துப்பிய அதே பெல்ஃபாஸ்ட் சரக்கு! 2018-இல் டென்மார்க் சரக்கும் நின்றபோது, ஈடு இணையற்ற கலவை போய்விட்டதே என்று ஓலம். ஒரு புகையிலை நல்ல பெயர் வாங்க ஒரே வழிதான், கடையிலிருந்து மறைவது.

கூடவே அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியின் மெக்லெலண்ட் கம்பெனியும், தரமான இலை கிடைக்கவில்லை என்று அதே சமயத்தில் கடையைக் கட்டியது. அவர்கள் டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கும். தக்காளி கெச்சப் நாற்றம் என்று வருஷக்கணக்காக மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. மூடியதும் அந்தக் கெச்சப் வாசனைக்காகப் பழைய டப்பாக்களைப் பல மடங்கு விலைக்குத் தேடி அலைந்தார்கள்.

பதுக்கியவர்கள் கதை இன்னும் பரிதாபம். டப்பாவின் விளிம்பில் ஒரு காசை நுழைத்துத் திருகினால் ‘புஸ்’ஸென்று காற்று உள்ளே போகும். அதற்குப் பின்னால் வருகிற கரிப்புகை வாசனைதான் 965-இன் உயிர். அது லட்டாக்கியா என்ற இலையின் கைவரிசை. விறகுப் புகையில் தொங்கவிட்டுக் கறுக்க வைத்தது. வர்ஜீனியா இலை டப்பாவுக்குள் வயசாக ஆக ருசி கூடும். லட்டாக்கியாவுக்கு வயசானால் புகை வாசனை மங்கிக்கொண்டே போகும். இவர்கள் பீரோவில் பூட்டி வைத்தது, தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிற சொத்து. டப்பா லேசாகத் துருப்பிடித்துக் காற்று புகுந்தால் கேட்கவே வேண்டாம், உள்ளே வெறும் சருகு.

இதற்கு மேல் ஒரு கிளைமாக்ஸ் உண்டு. டன்ஹிலுக்காக டென்மார்க்கில் புகையிலை கலந்துகொண்டிருந்த ஸ்காண்டிநேவியன் டொபாக்கோ நிறுவனம், 2018-இல் அயர்லாந்தின் பீட்டர்சன் புகையிலைப் பிராண்டை வாங்கியது. 2019-இல் அதே 965, அதே ‘நைட்கேப்’, அதே ‘ஏர்லி மார்னிங் பைப்’ எல்லாம் பீட்டர்சன் லேபிளோடு கடைக்கு வந்துவிட்டன. கலக்கிய கம்பெனி அதே, கலவை அதே, மாறியது ஸ்டிக்கர் மட்டும். ஈமக்கிரியை முடித்துத் தலை முழுகிய மறுநாள் வாசலில் ஆள் வந்து நின்றால் எப்படி இருக்கும்! சுவாமிகள் சந்தோஷப்பட்டார்களா? பைப்பை அடைத்து, பற்ற வைத்து, கண்ணை மூடி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, “ம்ஹூம்... டன்ஹில் மாதிரி வராது” என்றவர்கள் ஏராளம்.

உங்களிடம் யாராவது டன்ஹில் லேபிள் போட்ட பழைய 965 டப்பாவைப் பொக்கிஷம் என்று சொல்லி யானை விலைக்கு நீட்டினால், பர்ஸை உள்ளே வையுங்கள். அந்தக் கலவை பீட்டர்சன் டப்பாவில் சாதாரண விலைக்கே கிடைக்கிறது. கூடுதலாகக் கொடுக்கிற காசெல்லாம் ஸ்டிக்கருக்குத்தான்.