மனச்சோர்வு சாகுபடி: சில யோசனைகள்

மனச்சோர்வு ஒரு மானாவாரிப் பயிர். ஒரு கட்டிலும் இழுத்து மூடிய ஜன்னலும் இருந்தால் போதும், எந்தப் பட்டத்திலும் விதைக்கலாம்.

விழிப்பு வந்ததும் எழுந்துவிடாதீர்கள். 'மனசு சரியானதும் குளிக்கலாம்' என்று திரும்பிப் படுங்கள். முதலில் மனசு, பிறகுதான் வேலை. இந்த வரிசை மாறக் கூடாது. அவசரப்பட்டுக் குளித்துவிட்டால் மனசு கொஞ்சம் தேறிவிடும், விதை முளைக்காது.

உரத்துக்கு வெளியே போக வேண்டாம். சிநேகிதிக்கு அனுப்பிய செய்தியில் நீல டிக் விழுந்து இரண்டு மணி நேரமாகிறது, பதில் இல்லை. அவள் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கலாம், பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கலாம். அந்தப் பக்கமே போகாதீர்கள். 'அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை' என்பது அடியுரம். 'யாருக்குமே பிடிக்கவில்லை', 'இனிமேலும் பிடிக்காது' என்று மேலுரம் இடவும். தாளில் மட்டும் எழுதாதீர்கள். எழுதியதைப் பார்த்தால் 'இதற்கென்ன ஆதாரம்?' என்று கேட்கத் தோன்றும். "சும்மா கண்டதை யோசிக்காதே" என்று வீட்டில் யாராவது அதட்டினால் தடுக்க வேண்டாம். அதுவும் நல்ல உரம்தான்.

இனி பூச்சித் தாக்குதல். ஆதாரம் கேட்கும் அந்தப் பழக்கத்தை 1960களில் பிலடெல்பியாவில் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர். ஒரேகானில் உளவியலாளர் பீட்டர் லெவின்சோன், பிடித்த சின்னச் சின்னக் காரியங்களை அட்டவணை போட்டுச் செய்யவைத்தார். கோவாவில் நடந்தது இன்னும் அநியாயம். மருத்துவம் படிக்காத ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில் உட்காரவைத்தார்கள். அவர்கள் ஆறேழு முறை பேசி, நாளைக்கு என்ன செய்வது என்று திட்டம் போடவைத்தே, கடுமையாக விளைந்திருந்த வயல்களைக்கூடக் கெடுத்தார்கள். 2017 லான்செட் இதழில் அந்த விவரம் இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணையும் தொடாதீர்கள். டெலி மானஸ்காரர்கள் ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசுவார்கள், காசும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக, வீட்டில் பால் தீராமல் பார்த்துக்கொள்ளவும். என் வயல் போனது அப்படித்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டில் வேறு யாருமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நானே கடைக்குப் போகவேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது கையில் பாலோடு ஒரு கட்டுக் கொத்தமல்லியும் இருந்தது. அதை எப்போது வாங்கினேன் என்று இன்னும் பிடிபடவில்லை.