கட்டர் என்று கேட்காதீர்கள்

தாராவி, மும்பை
ஜூன் 20

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. வீடு நனைந்திருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம். "மழைக்கு முன்னாடி கூரைப் பீலியைப் பார்த்தியாலே?" என்று போனில் கேட்டீர்கள். பதில் நீளம், அதனால்தான் கடிதம்.

நம்ம ஊர் ஐப்பசி மழையை மனதில் வைத்துக்கொண்டு இந்த மழையை அளக்காதீர்கள். நம்முடையது தீபாவளிக்கு வந்து தலைகாட்டிவிட்டுப் போய்விடும். இங்கே ஜூன் 11 வாக்கில் வந்து உட்கார்ந்தால் சம்பந்தி வீட்டார் மாதிரி, செப்டம்பர் வரை எழுந்திருக்காது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. திருநெல்வேலியில் சராசரியாக ஒரு வருஷத்துக்கே அவ்வளவு பெய்யாது. அன்றைக்கு மித்தி ஆறு கரைமீறி வீடுகளுக்குள் வந்துவிட்டது. மேலிருந்து வரும் தண்ணிக்குத்தான் பீலி, கீழிருந்து வந்தால் பரண்தான்.

எங்கள் பக்கத்து ரோட்டுக்கு 90 அடி ரோடு என்று பெயர். எங்கள் சந்து மூன்றடி. என் வீட்டு எறவானமும் எதிர்வீட்டு எறவானமும் கைகுலுக்கும் தூரம். பீலி ஒழுகினால் என் கூரைத் தண்ணி எதிர்வீட்டு அக்காவின் வாசலில்தான் விழும். அவர் கோலாப்பூர்க்காரர், வாய் மட்டும் சுத்தத் திருநெல்வேலி.

தகர வேலைக்காரரிடம் போய், "வீட்டுக்குக் கட்டர் போடணும்" என்றேன். "அதை முனிசிபாலிட்டி போடும்" என்றார். இங்கே கட்டர் என்றால் சாக்கடை! கூரையைக் காட்டினதும், "பன்ஹளா?" என்று சிரித்தார். நம்ம பீலிக்கு மராத்தியில் பன்ஹள் என்று பெயர்.

ஏணியைச் சாய்க்கச் சந்தில் இடமில்லை, செங்குத்தாக நிறுத்தி, முதுகை எதிர்ச்சுவரில் முட்டுக்கொடுத்து ஏறினேன். பழைய பீலிக்குள் பட்டத்து நூல், கிரிக்கெட் பந்து, ஒற்றைச் செருப்பு, நான்தான் எடுத்தேன் என்று அந்த அக்கா இரண்டு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த கரண்டி. போக வழியில்லாத தண்ணி பின்பக்கமாக வழிந்து எறவானப் பலகையை உளுத்துப்போக வைத்திருந்தது. கூரைத் தகரத்துக்கு அடியில் அடித்த ப்ளைவுட் அப்பளமாய் உப்பி, எலிகளுக்குக் கல்யாண மண்டபமாகியிருந்தது.

உளுத்த பலகையில் கொக்கி நிற்காது என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. ப்ளைவுட், பலகை இரண்டையும் மாற்றிவிட்டுத்தான் புதுத் தகரத்தைத் தொங்கவிடச் சொன்னேன். அந்த மனிதரோ சரிவைத் திருப்பி வைத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். முதல் மழை குழாய்ப் பக்கம் போகாமல் என் கட்டிலுக்கு வந்தது.

கடைசியில் அக்காதான் தன் வீட்டுப் பரணிலிருந்து எட்டி, என் பீலியில் ஒரு சொம்புத் தண்ணி ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டினார். நான் ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றி, குழாய்ப் பக்கம் சரியும்படி இறக்கினேன். மூன்று சொம்பு, நிறைய வசவு. இப்போது தண்ணி குழாய் வழியாக டிரம்மில் விழுகிறது. பாதி டிரம் அவருக்கு என்று ஒப்பந்தம். கரண்டியையும் கொடுத்துவிட்டேன்.

பத்தடிக்கு அரை இன்ச் இறக்கம் என்று நீங்கள் சொன்ன கணக்கு சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை. அடுத்த மாதம் வரும்போது அத்தை தரும் அல்வாவோடு உங்கள் ரசமட்டத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். எதிர்வீட்டு அக்காவும் தன் பீலியைப் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
மருமகன்