பித்தளை அங்கிள்

செராஸ்காரர்களுக்குப் பித்தளை அங்கிளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தாமானுக்கு ஒருவர் இருக்கிறார். சிலர் பழைய மோரிஸ் மைனர் வைத்திருப்பார்கள், சிலர் பழைய ரேடியோ. இங்கே சொல்லப்போகிறவர் வைத்திருப்பது பாஸ் டிராம்போன். சீருடை போட்டு பேண்டில் ஊதி ஓய்வு பெற்றவர். டிராம்போன் ஒன்று இருந்தால் அது வாத்தியம். இவரிடம் இரண்டு இருக்கின்றன, அதுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி. வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நீங்கள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருப்பீர்கள். செருப்பைக் கழற்றுவதற்குள் குரல் வரும்.

"உக்காரு தம்பி. கண்ண மூடு. இது ஏ."

பூம்ம்ம்.

"இது பி."

பூம்ம்ம்.

"எது எது? சொல்லு."

ஏ என்பது கான் கம்பெனியின் 71எச். பி என்பது அதே கம்பெனியின் 72எச். இரண்டிலும் குழாயின் உள்விட்டம் 0.562 அங்குலம். இரண்டிலும் மணிவாய் ஒன்பதரை அங்குலம். இரண்டிலும் ஒரே ஒரு சுழல் வால்வு. கட்டைவிரலால் அமுக்கினால் சுருதி பி-ஃபிளாட்டிலிருந்து எஃப்புக்கு இறங்கும். வித்தியாசம் என்னவென்றால், சுருதி சேர்க்கும் குழாய் 71இல் மணிவாய்ப் பக்கத்து வளைவில் இருக்கிறது, 72இல் கையால் இழுக்கும் ஸ்லைடில் இருக்கிறது. அதனால் ஊதுகிறவருக்குக் கையில் கனம் கொஞ்சம் மாறும், நியாயம்தான். கண்ணை மூடிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன மாறும்?

"ரெண்டும் ஒன்னு மாதிரிதான் இருக்கு அங்கிள்" என்று சொல்லிவிட்டால் தொலைந்தீர்கள். "ஆண்ட்டிகிட்ட தே ஓ கலக்கச் சொல்றேன், இரு" என்பார். மறுபடி ஏ, மறுபடி பி. அப்புறம் வால்வை அமுக்கி ஏ, அமுக்கி பி. அப்புறம் மெதுவாக, அப்புறம் பலமாக. "பியில அடியில ஒரு கறுப்பு இருக்கு பாரு, காதுல விழலையா லா?" ஸ்லைடை முழுசாக நீட்டும்போது அது வாசல் கிரில்லில் இடிக்கும். இடித்த சத்தத்தில்கூட ஏக்கும் பிக்கும் பேதம் உண்டென்பார். பக்கத்து வீட்டு நாய் முதல் பூம்முக்கு எழுந்து பின்கட்டுக்குப் போய்விடும். அதற்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நீங்கள் தைரியமாக "முதல்ல வந்தது 71" என்றால், சில நாள் முகம் மலர்ந்து, "ரெண்டுமே 72தான்! ஏமாந்துட்டே பாத்தியா!" என்பார். இது என்ன பரீட்சை என்று கேட்கக் கூடாது. பேரன் ஒருநாள் தாத்தாவைக் கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் ஊதினான். தாத்தா மாற்றிச் சொன்னார். பையனுக்கு உதடு சரியில்லை என்று தீர்ப்பாகிவிட்டது.

அவருடைய பூகோளம் இன்னும் விசேஷம். கான் வாத்தியம் அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட்டில் செய்ததாக இருக்க வேண்டும். 1970 வாக்கில் கம்பெனி டெக்சாஸின் அபிலீனுக்குப் போன பிறகு வந்ததெல்லாம் தகரம். சரி. பாக் வாத்தியம் என்றால் (இசையமைத்த பாக் அல்ல, வாத்தியம் செய்த வின்சென்ட் பாக்) நியூயார்க் பக்கத்து மவுண்ட் வெர்னனில் செய்ததாக இருக்க வேண்டும். 1960களின் நடுவில் பட்டறை வேறு ஊருக்குப் போனதும் போச்சு. எந்த ஊருக்கு? அதே எல்க்ஹார்ட்டுக்கு! ஒரே ஊர், கானுக்குக் காசி, பாக்குக்குச் சுடுகாடு. எப்படி அங்கிள் என்றால், "அந்த ஊர்த் தண்ணி கானுக்கு ஒத்துக்கும் தம்பி, பாக்குக்கு ஒத்துக்காது."

இரண்டு வால்வு வைத்த டிராம்போன் என்றால் அவருக்கு ஆகாது. ஒரு வால்வு மட்டும் உள்ளதில் அடித்தளத்து பி சுரம் ஒழுங்காக வராது. பார்டாக் என்ற ஹங்கேரிக்காரர் 1943இல் எழுதிய கான்செர்ட்டோவில் அந்த பியிலிருந்து எஃப் வரை வழுக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். இரண்டாவது வால்வு இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. அங்கிளைக் கேட்டால், எழுதினவர் ஒரு சுரம் மேலே தள்ளி எழுதியிருக்கலாம் என்பார்.

சிரிக்க நமக்கும் யோக்கியதை கிடையாது. திமிரியா பாரியா என்று நாதஸ்வரத்துக்காக அடித்துக்கொண்ட ஜனம் நாம். திமிரி குட்டை, உச்சக் குரல். பாரி நீளம், சுருதி இறக்கம். டி.என். ராஜரத்தினம் பிள்ளை பாரியைக் கையில் எடுத்தபின் அதுவே ஊரெங்கும் நிலைத்தது. கோர்ட்டு மலைப் பிள்ளையார் கோயில் வாசலில் இதைப் பற்றி இன்றைக்கும் வாய் வலிக்கப் பேசுகிற பெரியவர்கள் உண்டு. ஆனால் மேளம் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டு ராகத்தைக் கேட்பார்கள்.

அங்கிள் வீட்டில் ராகமே கிடையாது. அந்த எஃப்பை அவர் அடிவயிற்றிலிருந்து எடுக்கும்போது அலமாரியில் எவர்சில்வர் தட்டு அதிரும், சோபா வழியாக நம் முதுகில் ஏறும். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு நாதம். அதை வைத்து ஒரு பாட்டு வாசியுங்கள் என்றால், "மொதல்ல ஒப்பிட்டு முடிக்கணும்" என்கிறார். எப்போது முடியும்?

எனக்குச் சிரிப்பு நின்றுபோன இடம் ஒன்று உண்டு. எதிர் வரிசை வீட்டுப் பெண் பள்ளி பேண்டில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்குக் கிடைத்த டிராம்போனில் ஸ்லைடு நசுங்கி நான்காம் நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது. போட்டி முடியும்வரை ஒன்றை இரவல் தாருங்கள் என்று அவளுடைய அம்மா வந்து கேட்டார். அங்கிள் சொன்ன பதில்: "ஒன்ன குடுத்துட்டா இன்னொன்ன எதோட ஒப்பிடறது?" அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டும் பெட்டியில் பட்டுத்துணி போர்த்திப் படுத்திருக்கின்றன, நம் ஊர்ப் புழுக்கத்தில். உள்ளே ஈரம் தங்கினால் பித்தளையில் இருக்கும் துத்தநாகம் கழன்று செம்பு மட்டும் சிவப்புச் சிவப்பாய் நிற்கும், பிறகு குழாய் பொத்தலாகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

ஆகவே அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணை மூடச் சொன்னால் மூடுங்கள். "பிதான் அங்கிள், அந்தக் கறுப்பு இருக்கே!" என்று தலையாட்டுங்கள். மனிதர் குளிர்ந்துபோவார். அந்த நேரம் பார்த்து, ஏயை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டால் தர மாட்டேன் என்கிறார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லிவிட்டேனாம்.